தானமாய் வந்த மாட்டின் பல்

போன குளிர்காலத்தில் கிட்டத்தட்ட ரெண்டு மாசம் ஒரு நத்தையின் பல்லைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். "உங்களுக்கே ஒரு கடைவாய்ப்பல் ஆடுது, அதைக் காட்ட நேரமில்லை, நத்தைப் பல்லுக்கு மட்டும் நேரம் இருக்கா?" என்று வீட்டம்மா கேட்டாங்க. நியாயமான கேள்விதான். பதில் ரொம்ப நீளம் என்பதால் அவங்ககிட்ட சொல்லாம இங்கே எழுதறேன். :-)

என் தொழில் தெரியாத புது நண்பர்களுக்கு ஒரு வரி. நான் நியூசிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கி ஓட்டுபவன். படிச்சது உலோகம். உடைஞ்ச போல்ட், வெடிச்ச வெல்டிங், துருப்பிடிச்ச பைப் இதெல்லாம்தான் என் மேசைக்கு வரும். உயிருள்ள சாமான், அதாவது ஒரு காலத்தில் உயிரோடு இருந்த சாமான், எப்பவாவதுதான் வரும். வந்தா எனக்குக் கொண்டாட்டம். போல்ட்டு எத்தனை நாளைக்குப் பார்க்கிறது சொல்லுங்க.

அப்படி வந்ததுதான் இந்த லிம்பெட்.

லிம்பெட் என்றால் என்னன்னு கேட்பவர்களுக்கு: கன்னியாகுமரிக்குப் போனவங்க எல்லாரும் அதைப் பார்த்திருப்பீங்க, ஆனா பார்த்தது தெரியாது. அலை அடிக்கிற பாறையில் சின்னச் சின்னதா கூம்புத் தொப்பி ஒட்டியிருக்கும். சுருள் கிடையாது, வாசல் மூடி கிடையாது. தொப்பியைக் கவிழ்த்து வச்சது மாதிரி ஒரே ஓடு, அடியில் ஒரு சதைப் பாதம். விரலால் தள்ளினா அசையாது. தொட்ட உடனே இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்கும். கடற்கரையில் கிளிஞ்சல் பொறுக்கும்போது இதுவும் கையோடு வந்திருக்கும். பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும் நத்தைதான் அது.

இதே வடிவத்தில் ஆழ்கடலிலும் உண்டு. அங்கே வெயில் கிடையாது, பாசி கிடையாது. அப்புறம் எதைச் சுரண்டும்? இங்கேதான் கதை சுவாரசியமாகுது. மேலிருந்து எது விழுதோ அதுதான் சாப்பாடு. வெள்ளத்தில் ஆறு அடிச்சுக்கிட்டு வந்த மரம் கடலில் ஊறி மூழ்கும், அதன் மேல் ஒரு கூட்டம். செத்த திமிங்கலத்தின் எலும்பு மேல் இன்னொரு கூட்டம். சுறா, திருக்கை இடும் முட்டைக்கூட்டின் மேல் ஒரு வகை. கடற்புல்லின் மூழ்கிய இலை மேல் ஒரு வகை. இது எல்லாத்தையும் தூக்கிச் சாப்பிடற மாதிரி, கணவாய் செத்து அதன் அலகு மட்டும் கடலடியில் கிடக்கும் பாருங்க, அந்த அலகு மேலயே குடும்பம் நடத்துற ஒரு வகை. கணவாய்க் குழம்பு வைக்கும்போது நாம தூக்கிப் போடும் அந்தக் கறுப்பு அலகை நம்பி, ஆழ்கடலில் ஒரு குடும்பமே இருக்கு என்று தெரிஞ்ச அன்னிக்கு எனக்குக் கொஞ்ச நேரம் வேற வேலை ஓடலை.

இதில் பெரும்பாலானவை ரெண்டு மில்லிமீட்டரில் இருந்து ஒரு சென்டிமீட்டருக்குள். வெள்ளை நிறம். நம்ம ஊர் அரிசியையும் உளுந்தையும் கலந்து கொட்டினால் அதில் தேட வேண்டிய அளவு.

*

அதைக் கொண்டுவந்தது ஒரு ஆராய்ச்சி மாணவி. யாழ்ப்பாணத்துப் பொண்ணு. பேர் வேண்டாம். கதவைத் தட்டி, ஆங்கிலத்தில் ஆரம்பிச்சு, என் சட்டைப் பையில் தொங்கின அட்டையில் பேரைப் பார்த்துட்டு, "அண்ணா, நீங்கள் தமிழோ?" என்றாள். "ஆமாம்மா, மணப்பாறைப் பக்கம்" என்றேன். அவ்வளவுதான், மெஷின் முன்பதிவுப் படிவம் எல்லாம் அதுக்கப்புறம்தான் நிரப்பினோம்.

ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. உள்ளே ஆல்கஹால். அடியில் நாலு வெள்ளைப் புள்ளி. சுமார் ஆயிரம் மீட்டர் ஆழத்தில் இழுத்த வலையில் ஒரு ஊறிப்போன மரத்துண்டு வந்திருக்கு, அதன் இடுக்கில் இருந்தது. நாலில் மூணு வெறும் ஓடு. நாலாவது மட்டும் உடம்போட.

"இது ஒண்டுதான் அண்ணா உடம்போட கிடைச்சது. இதுவும் பழுதாப் போச்செண்டா என்னட்ட வேற ஒண்டும் இல்ல."

அஞ்சு மில்லிமீட்டர் உயிர். அதன் மேல் ஒரு பொண்ணின் ஆய்வேட்டில் ஒரு முழு அத்தியாயம் நின்னுக்கிட்டிருந்தது.

ஏன் பழுதாகணும்? ஓட்டைப் பார்த்தே சொல்லிட முடியாதா? நானும் அப்படித்தான் கேட்டேன்.

மூழ்கிய மரத்தில் வாழும் வெள்ளைத் தொப்பிகளில் முக்கியமா ரெண்டு கட்சி உண்டு. ஒண்ணு காக்குலினா. இன்னொண்ணு பெக்டினோடான்டா. ரெண்டு பேரினத்துக்கும் பேர் வச்சவர் ஒரே ஆள்தான், அமெரிக்காவின் வில்லியம் ஹீலி டால். அதுவும் ஒரே வருஷம், 1882. ஆனா இந்த ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சொந்தமே கிடையாது. பெக்டினோடான்டா நம்ம கன்னியாகுமரிப் பாறைத் தொப்பிகளோட தூரத்துச் சொந்தம். காக்குலினா முற்றிலும் வேற வம்சம். ஒரே வீட்டில் குடியிருக்கும் ரெண்டு பேர் ஒரே மாதிரி சட்டை போட்டிருக்காங்க, அவ்வளவுதான்.

சட்டை ஒண்ணா இருப்பதில் ஆச்சரியமும் இல்லை. கலிபோர்னியாவில் கீரத் வெர்மாய் என்று ஒரு பேராசிரியர். மூணு வயசிலேயே பார்வை போனவர். விரலால் தடவியே சிப்பி, நத்தைகளைப் படித்து அந்தத் துறையில் பெரிய ஆளானவர். நத்தை வரலாற்றில் இந்தத் தொப்பி வடிவம் குறைந்தது 54 தடவை தனித்தனியாகத் தோன்றியிருக்கு என்று 2017ல் அவர் எழுதினார். 54 தடவை! கவிழ்த்த தொப்பி அவ்வளவு வசதியான வீடு. இறுக்கி ஒட்டிக்கலாம், அலையோ நண்டோ வந்தா பிடி கொடுக்காம இருக்கலாம். வசதியான வீட்டை எல்லாரும் கட்டுவாங்க. 1977ல் கலாபகஸ் பக்கம் கடலடி வெந்நீர் ஊற்றுகளைக் கண்டுபிடிச்சாங்க. அங்கேயும் ஒரு பெரிய தொப்பி. ஜேம்ஸ் மெக்லீன் 1981ல் அதைப் பிரிச்சு எழுதி நியோம்பாலஸ் என்று பேர் வச்சார். தொப்பியே தவிர, பாறை லிம்பெட்டுக்கும் அதுக்கும் நெருங்கின உறவு கிடையாது.

அதனால் ஓடு மட்டும் சொன்னா போதாது. ஆனா ஓடு ஒண்ணுமே சொல்லாதுன்னும் இல்லை. அந்தப் பொண்ணு எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது:

முதல்ல உச்சி எங்கே இருக்குன்னு பார்க்கணும். காக்குலினாவில் உச்சி நடுவுக்குக் கொஞ்சம் பின்னால், பின்பக்கம் சாய்ஞ்சிருக்கும். பாறை லிம்பெட் வம்சத்தில் நடுவிலோ அதுக்கு முன்னாலோ இருக்கும். அப்புறம் ஓட்டின் மேல் கோடுகள்: உச்சியிலிருந்து விளிம்புக்கு ஓடும் வரிகளா, மரத்தின் வளையம் மாதிரி வளர்ச்சிக் கோடுகளா, ரெண்டும் வெட்டிக்கிட்டுப் போகுதா. அப்புறம் உள்பக்கம் குதிரை லாடம் மாதிரி ஒரு தழும்பு, தசை ஒட்டியிருந்த இடம்.

எல்லாத்தையும்விட முக்கியம், உச்சியில் ஒட்டியிருக்கும் குழந்தை ஓடு. நத்தை லார்வாவா இருந்தப்போ போட்டிருந்த முதல் சட்டை. ஒரு மில்லிமீட்டரில் அஞ்சில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். பாறை லிம்பெட் வம்சம் அந்தக் குழந்தை ஓட்டை உதிர்த்துட்டு, அந்த இடத்தை அடைச்சுடும். தழும்பு மட்டும் மிச்சம். காக்குலினா அதை வச்சிருக்கும், அதன் மேல் நுணுக்கமான வேலைப்பாடும் இருக்கும். அந்த ஒரு புள்ளி நல்லா இருந்தா பாதி வழக்கு முடிஞ்சது.

நம்ம நாலு ஓட்டிலும் உச்சி அரிச்சுப்போயிருந்தது. ஆழ்கடலில் ஓட்டின் சுண்ணாம்பு கரையும், உச்சிதான் ரொம்ப நாளா வெளியே இருந்த பகுதி, அதுதான் முதல்ல போகும். குழந்தை ஓடு உதிர்ந்ததா, கரைஞ்சதா? தெரியாது. உச்சி பின்னால் இருக்கா நடுவில் இருக்கா? நான் நடு என்றேன், அவள் "கொஞ்சம் பின்னுக்கு" என்றாள். மரத்து இடுக்கில் வளர்ந்ததால் ஓடே கோணல். ஸ்கேல் வச்சு அளந்தாலும் தகராறு தீராது.

ஆக, வாயைத் திறந்துதான் பார்க்கணும்.

*

எங்க தாத்தா மணப்பாறைச் சந்தைக்கு மாடு வாங்கப் போவார். கொம்பு, திமில், சுழி, நடை எல்லாம் பார்த்துட்டு, கடைசியா மாட்டின் கீழ் உதட்டைப் பிடிச்சு இழுத்துப் பல்லைப் பார்ப்பார். பல்லு போடாதது, ரெண்டு பல்லு, நாலு பல்லு, ஆறு பல்லு, கடை சேர்ந்தது என்று ஒரே பார்வையில் வயசு சொல்லிடுவார். கொம்பைச் சீவி பெயிண்ட் அடிச்சு எந்த மாட்டையும் இளசாக் காட்டலாம், பல்லை ஒண்ணும் பண்ண முடியாது என்பது அவர் சித்தாந்தம். தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்த மாட்டைப் பார்க்காதவன் முட்டாள்.

நத்தைக்காரங்களும் இதே கட்சிதான். நத்தையின் வாயில் நாக்கு மாதிரி ஒரு நாடா இருக்கும், ராடுலா என்று பேர். அதன் மேல் வரிசை வரிசையா பல். அரம் மாதிரி, இல்லேன்னா தேங்காய்த் துருவி மாதிரின்னு வச்சுக்குங்க. அதை வெளியே நீட்டிச் சுரண்டி உள்ளே இழுக்கும். முன்வரிசை தேய்ஞ்சு விழ விழ, பின்னாலிருந்து புது வரிசை வந்துக்கிட்டே இருக்கும். நம்மளை மாதிரி ரெண்டாவது செட்டோட நிறுத்திக்கிற வேலை கிடையாது. (என் கடைவாய்ப்பல் நினைவுக்கு வந்து தொலைக்குது.) பல்லை வச்சே நத்தைகளை வகைப்படுத்தலாம் என்று ஜெர்மனியின் டிராஷெல் 1856ல் ஆரம்பிச்ச புத்தகம், அவர் காலத்துக்குப் பிறகு 1893ல்தான் முடிஞ்சது.

நம்ம ரெண்டு கட்சிக்கும் பல்லில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். பெக்டினோடான்டா என்ற பேருக்கே சீப்புப் பல் என்றுதான் அர்த்தம். வரிசைக்குப் பெரிய பல் ரொம்பக் கொஞ்சம், அதன் நுனி சீப்பு மாதிரி பிளந்திருக்கும். காக்குலினாவுக்கோ விசிறி. நடுவில் ஒரு பல், இரண்டு பக்கமும் சில பக்கப் பற்கள், அதில் வெளிப்பக்கத்துப் பல் மட்டும் பெருசு, அதுக்கு அப்பால் ஓரம் முழுக்க மெல்லிசா ஏகப்பட்ட பல். ஒரு தடவை படத்தில் பார்த்துட்டா குழந்தைகூட மாத்திச் சொல்லாது.

உலோகக்காரனா எனக்கு இதில் இன்னொரு ஈர்ப்பு. பாறை லிம்பெட்டின் பல்லில் கோதைட் என்ற இரும்புக் கனிமம் இருக்கு. 2015ல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தில் அந்தப் பல்லை இழுத்து உடைச்சுப் பார்த்தாங்க. அதுவரை சிலந்தி நூல்தான் உயிர்ப்பொருட்களில் வலுவானதுன்னு பேர் வாங்கியிருந்தது, லிம்பெட் பல் அதைத் தாண்டிடுச்சு. அளந்ததில் 3ல் இருந்து 6.5 கிகாபாஸ்கல் வரைக்கும் தாங்கியிருக்கு. நான் தினமும் பார்க்கும் எஃகு போல்ட்டெல்லாம் ஒண்ணு, ஒண்ணேகால் கிகாபாஸ்கலுக்கே மூச்சு வாங்கும். பாறையைச் சுரண்டிப் பிழைக்கிறவனுக்கு அப்படிப்பட்ட பல்தான் தேவை.

*

சரி, பல்லை எப்படி எடுக்கறது? இங்கேதான் தகராறு.

உடம்பை ஓட்டிலிருந்து பிரிக்கணும். ஓடு முழுசாப் பிழைக்கணும், ஏன்னா நாளைக்கு இது புது இனமா இருந்தா அந்த ஓடுதான் அருங்காட்சியகத்தில் இருக்கப்போகும் மூலச் சான்று. பேர் எந்த ஒரு உடலைச் சார்ந்து நிற்குதோ அந்த உடல். அப்புறம் தலைப் பகுதியை வெட்டி எடுத்துச் சதையைக் கரைக்கணும். நாடா கைட்டினால் ஆனது, அது கரையாது. பழைய முறையில் காரக் கரைசலில் போடுவாங்க. சிலர் வீட்டில் துணி வெளுக்கிற பிளீச்சிலேயே போடுவாங்க, ஆனா கொஞ்சம் அதிக நேரம் விட்டா பல்லும் போயிடும். காரத்தில் போட்டா இன்னொரு நஷ்டம், மரபணுவும் சேர்ந்து நாசம்.

இப்போ புரதத்தை மட்டும் தின்னும் ஒரு நொதியில் ஊறவைக்கிறாங்க, புரோட்டினேஸ் கே என்று பேர். ராத்திரி முழுக்க வெதுவெதுப்பான சூட்டில் வச்சா சதை கரைஞ்சு தண்ணியாகும், அந்தத் தண்ணியில் மரபணு கிடைக்கும், அடியில் பல் நாடா கிடக்கும். ஒரே கல்லில் ரெண்டு மாங்காய். ஆனா அந்த நாடா ஒரு மில்லிமீட்டர் சொச்சம் நீளம், முடியைவிடக் கொஞ்சம் அகலம். கண்ணாடி போல இருக்கும். குழாய் மாத்தும்போது ஒட்டிக்கிட்டுப் போனா, ஒரு தும்மல் வந்தா, முடிஞ்சது கதை.

செய்யாமல் விட்டால்? குப்பி பத்திரமா அலமாரியில் இருக்கும். "காக்குலினா அல்லது பெக்டினோடான்டா, இனம் தெரியவில்லை" என்று சீட்டு ஒட்டியிருக்கும். உலகத்து அருங்காட்சியகங்களில் அப்படிச் சீட்டு ஒட்டிய குப்பிகளுக்குப் பஞ்சமே கிடையாது.

மூணு வாரம் அவள் யோசிச்சா. இடையில் ஒரு நாள் என் அறையில் உட்கார்ந்து டீ குடிச்சுக்கிட்டே சொன்னாள், "பயமாக் கிடக்கண்ணா. வச்சிருந்தா அழகா இருக்கும், ஆனா என்ன எண்டு தெரியாது. தொட்டா தெரியும், ஆனா இல்லாமப் போகலாம்." நான் தாத்தா கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டுக் கேட்டாள், "இது கடல் தானமாத் தந்த மாடெல்லோ அண்ணா? பல்லைப் பிடிக்கலாமோ?"

எனக்குப் பதில் வரலை. அடுத்த திங்கட்கிழமை அவளே கத்தியோட வந்தாள்.

*

பிரிக்கிற வேலையை அவள் செய்தாள், நான் மூச்சுவிடாம பக்கத்தில் நின்னேன். லாடத் தசையை ஓரமாச் சீவி உடம்பு முழுசா வழுக்கிக்கிட்டு வந்தது. ஓட்டில் ஒரு கீறல் இல்லை. தலையில் ரெண்டு உணர்கொம்பு, கண் கிடையாது. இருட்டில் கண்ணுக்கு என்ன வேலை.

மறுநாள் காலையில் குழாயின் அடியில் தேன் நிறத்தில் ஒரு நூல். அதைத் தொட இடுக்கி ஆகாது, நசுங்கிடும். ஒரு குச்சியின் நுனியில் கண் இமை முடி ஒண்ணை ஒட்டி, அதால் தூக்குவாங்க. இந்தத் துறையில் அது மரியாதைக்குரிய கருவி, சிரிக்காதீங்க. தண்ணியில் அலசி, ஆல்கஹாலில் அலசி, கார்பன் டேப் ஒட்டிய சின்னத் தட்டில், பல் மேலே பார்க்கும்படி விரிக்கணும். காயக் காய நாடா சுருளும். சுருண்டுட்டா நடுப்பல் மறைஞ்சிடும். ஈரம் முழுசாப் போறதுக்குள்ள நாலு ஓரமும் படிய வைக்கணும். அவள் கை நடுங்கலை. என் கைதான், பாக்கெட்டுக்குள்ளே இருந்தே நடுங்கிக்கிட்டிருந்தது.

அதுக்கப்புறம் என் ராஜ்ஜியம். மேலே மெல்லிசா பிளாட்டினம் பூசி, உள்ளே வச்சு, காற்றை உறிஞ்சி, கற்றையைத் திறந்தேன். திரையில் முதல்ல ஒரு சாம்பல் மேகம். கவனத்தைக் கூட்டக் கூட்ட, வயல் மாதிரி வரிசை தெரிஞ்சது. முன்பக்கம் வேண்டாம், அங்கே தேஞ்சிருக்கும். கடைசிப் பக்கமும் வேண்டாம், அது இன்னும் முத்தாத பல். நடுவில் போய் நின்னேன்.

விசிறி.

நடுவில் ஒண்ணு, பக்கத்தில் அடக்கமா சில, வெளிப்பக்கம் ஒரு பெருசு, அதன் நுனியில் குட்டிக் குட்டிப் பிளவுகள், அப்பால் கதிர் சாய்ஞ்ச நெல்லு மாதிரி ஓரப் பற்கள். "காக்குலினா" என்றாள், ரொம்ப மெதுவா. அப்புறம், "எந்தக் காக்குலினா?"

அதுக்கு நாலு நாள் ஆச்சு. நியூசிலாந்துக் கடலின் இந்த வகைத் தொப்பிகளைப் பற்றி புரூஸ் மார்ஷல் 1980களில் பக்கம் பக்கமா எழுதி வச்சிருக்கார், ஓட்டுப் படமும் பல் படமும் சேர்த்தே. அதைத் திரைக்குப் பக்கத்தில் வச்சுக்கிட்டு நடுப்பல்லின் வடிவம், வெளிப்பல்லின் பிளவு எண்ணிக்கை, ஓட்டின் வரி எல்லாம் ஒண்ணொண்ணா ஒப்பிட்டோம்.

*

இந்த இடத்தில் தாத்தாவின் சித்தாந்தத்துக்கு ஒரு திருத்தம் போட்டாகணும். பல் பொய் சொல்லாது என்பது மாட்டுக்குச் சரி. நத்தைக்கு முழுசாச் சரி இல்லை.

அண்டார்டிகா பக்கம் கெம்ப் எரிமலைவாயில் ஒரு காக்குலினாவைக் கண்டுபிடிச்சாங்க. சோங் சென்னும் கத்ரின் லின்ஸேயும் 2020ல் எழுதினாங்க. மரத்தில் இருக்க வேண்டிய வம்சம் வெந்நீர் ஊற்றுப் பக்கம் குடியேறியிருக்கு. மரபணு காக்குலினா என்று அடிச்சுச் சொல்லுது. பல்லு மட்டும் மத்த காக்குலினாக்களோட ஒத்துப்போகலை. அதனால் "புதிர்ப்பல்" என்ற அர்த்தத்தில் எனிக்மடோன்டா என்று பேர் வச்சுட்டாங்க. சாப்பாடு மாறினா பல்லும் மாறும் போல. பாத்தியாக்மியா என்று ஊற்றுப் பக்கம் வாழும் இன்னொரு தொப்பி. அதில் ஒரே இனத்துக்குள்ளேயே இடத்துக்கு இடம் ஓடும் மாறும், பல்லும் மாறும் என்று 2019ல் மரபணுவை வச்சுக் காட்டியிருக்காங்க. அதுக்கும் முன்னாடி, 1987ல் ஹாஸ்ப்ரூனர் காக்குலினா வம்சத்தையும் எலும்பு, முட்டைக்கூடு மேல் வாழும் தொப்பிகளின் வம்சத்தையும் ஒரே குடையின் கீழ் வச்சார். பின்னாடி வந்த மரபணு ஆய்வுகள் ரெண்டையும் பிரிச்சு, தனித்தனி வீட்டுக்கு அனுப்பிடுச்சு.

அதனால்தான் அந்தக் கரைஞ்ச தண்ணியை அவள் கொட்டாம வச்சிருந்தாள். ஓடு ஒரு சாட்சி, பல் ஒரு சாட்சி, மரபணு ஒரு சாட்சி. மூணு பேரையும் தனித்தனியா விசாரிச்சு, மூணும் ஒத்துப்போனாத்தான் தீர்ப்பு.

மூணும் ஒத்துப்போச்சு. ஏற்கெனவே பேர் வச்ச இனம். புதுசு இல்லை.

*

அவளுக்கு வருத்தம்தான், மறைக்கலை. ஆனா அத்தியாயம் நிக்குது. அந்த இனம் இதுவரை கிடைக்காத இடத்தில், இதுவரை கிடைக்காத ஆழத்தில் கிடைச்சிருக்கு. முதல் தடவையா அதன் மரபணுவும் படிச்சாச்சு.

"இவ்வளவு பாடு பட்டு ஏற்கெனவே தெரிஞ்ச நத்தைதானா?" என்று வீட்டம்மா கேட்டாங்க. அதுக்கு நான் சொன்ன பதிலை இங்கேயும் சொல்றேன்.

பேர் தெரியாத ஜீவனை யாரும் காப்பாத்த முடியாது. இந்தியப் பெருங்கடலில் 2001ல் கண்டுபிடிச்ச செதில்கால் நத்தை ஞாபகம் இருக்கா, காலில் இரும்புச் சல்பைடு கவசம் போட்டிருக்குமே, அது. அதுக்கு முறைப்படி பேர் வந்தது 2015ல்தான். 2019ல் அழியும் நிலையில் உள்ளவை என்ற சிவப்புப் பட்டியலில் சேர்த்தாங்க, காரணம் ஆழ்கடல் சுரங்கம். 2021ல் வெந்நீர் ஊற்றுகளில் மட்டுமே வாழும் 184 நத்தை, சிப்பி இனங்களை மதிப்பிட்டதில் 62 சதவீதம் ஆபத்தில் இருக்கு என்று வந்தது. அதில் நம்ம தொப்பிக்காரங்களும் உண்டு. இந்த 184க்கும் யாரோ ஒருத்தர் எப்பவோ உத்துப் பார்த்துப் பேர் வச்சதால்தான் பட்டியலிலாவது ஏற முடிஞ்சது. சீட்டில் "இனம் தெரியவில்லை" என்று இருக்கறதை எந்தப் பட்டியலில் ஏத்துவீங்க?

இது எங்கேயோ நடக்கும் சமாச்சாரமும் இல்லை. சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம்தான் மத்ஸ்யா 6000 என்ற நீர்மூழ்கியை உருவாக்குது, மூணு பேரை ஆறாயிரம் மீட்டர் ஆழத்துக்கு அனுப்ப. இந்தியப் பெருங்கடலின் அடியில் கனிமம் தேட இந்தியாவுக்கு ஒப்பந்தங்கள் இருக்கு. போகட்டும், போகணும். ஆனா போறவங்களோட கண் இமை முடி ஒட்டின குச்சியோட ஒருத்தரும் போகணும் என்பது என் ஆசை. கனிமத்தை எடுத்துட்டு அப்புறமா அங்கே யார் இருந்தாங்கன்னு கேட்டா, பதில் சொல்ல ஆள் இருக்காது.

இப்போ அந்தத் தட்டு என் மேசை இழுப்பறையில் இல்லை, அருங்காட்சியகத்துக்குப் போயிடுச்சு. ஓடு ஒரு குப்பி, பல் ஒரு தட்டு, மரபணு ஒரு குழாய், மூணுக்கும் ஒரே எண். சீட்டில் முழுப் பேர்.

படிவத்தில் கையெழுத்துப் போட அவள் வந்தப்போ சும்மா கேட்டேன், "புது இனமா இருந்திருந்தா என்ன பேர் வச்சிருப்பேம்மா?"

சிரிச்சாள். "அது ஒரு கொப்பியில எழுதி வச்சிருக்கு. சொல்ல மாட்டன். பேர் பத்திரமாக் கிடக்கண்ணா, பிராணிதான் வரவேணும்."

டிஸ்கி: பல் டாக்டரிடம் நேரம் வாங்கியாச்சு. கடைவாய்ப்பல்லை அவர் பார்த்துட்டு எந்த இனம்னு சொன்னா பின்னூட்டத்தில் தெரிவிக்கிறேன். :-)